அவையறிதலும் அவையஞ்சாமையும்

திருக்குறளின் பொருட்பாலில், அமைச்சியலின் இறுதியில், இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 72-ஆம் அதிகாரம் அவையறிதல். 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. அவையின் இயல்பை உணர்ந்து அதற்கேற்பப் பேசுதல் முன்னது. அறிந்தவற்றை அவையின்முன் நடுக்கமின்றி எடுத்துரைத்தல் பின்னது. இரண்டும் அவையைப் பற்றியனவே ஆயினும், வள்ளுவர் அவற்றை ஓர் அதிகாரத்துள் அடக்கவில்லை. அறிதல் வேறு; அஞ்சாமை வேறு. அவையை நன்கு அறிந்தும் அஞ்சுவோர் உண்டு. அஞ்சாதிருந்தும் அவையின் குறிப்பை அறியமாட்டாதோர் உண்டு. அறிய இயலாமை காரணமாகவே அஞ்சத் தொடங்கினோரும் உண்டு.

வள்ளுவர் கருதியது அமைச்சர் புகும் கற்றோர் அவை. ஆயினும், பலர் கூடிப் பேசும் இடம் எல்லாம் ஒருவகையில் அவையே அன்றோ? வகுப்பறை ஓர் அவை. விளையாட்டிடம் ஓர் அவை. திருமண வீடும், மின்சார இரயிலின் பெட்டியும் அவைகளே. இவ்வாறு பொருளை விரித்துக்கொண்டு, இக்கால மருத்துவமும் உளவியலும் ஆராய்ந்துவரும் இரண்டு நிலைகளை ஈண்டுக் காண்போம். ஒன்று ஆட்டிசம்; மற்றொன்று சமூக அச்சம். இவ்விரண்டும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும், அகத்தே வேறுபடும், சிலரிடத்தே ஒருங்கே அமையும். இவற்றின் உறவை அறிவது மருத்துவர்க்கு மட்டும் உரியது அன்று. ஒரே பலகையில் அமர்ந்து கற்கும் மாணவர்களாகிய உங்கட்கும் உரியதேயாகும்.

இரு மாணாக்கர்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டிய பள்ளி ஒன்றை மனத்தால் அமைத்துக்கொள்வோம். அதன் எட்டாம் வகுப்பில் இருவர் இருக்கின்றனர். இருவரும் அதிகம் பேசுவதில்லை. இருவரும் பிறர் முகத்தை நேரே நோக்குவதில்லை. இடைவேளையில் இருவரும் தனித்தே நிற்கின்றனர். காண்போர் இருவரையும் 'கூச்சம் மிக்கவர்' என்றோ, 'செருக்கு மிக்கவர்' என்றோ ஒரே சொல்லால் குறித்துவிடுவர்.

முதல் மாணவி பாடத்தைப் பிழையறக் கற்றவள். வீட்டில் தன் தம்பிக்கு அதனைக் கதைபோல எடுத்துரைப்பாள். ஆனால் வகுப்பில் எழுந்து நின்றதும் அவள் நாவறள்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு விரைந்து துடிக்கிறது. 'பிழையாகப் படித்தால் சிரிப்பார்களே; என் குரல் நடுங்குவதைக் கண்டுகொள்வார்களே' என்னும் எண்ணமே அவள் உள்ளத்தை நிறைத்து நிற்கிறது. அவள் அவையை அறிவாள், மிகவும் அறிவாள். எவர் புருவத்தை உயர்த்தினர், எவர் அடுத்தவர் காதில் ஏதோ கூறினர் என்பது வரை அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை. அவளிடம் உள்ளது அவையச்சம்.

இரண்டாம் மாணவன் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என நிலையங்களை முறைபிறழாது கூறுவான். ஒவ்வொரு வண்டியும் வரும் நேரத்தையும் உரைப்பான். கேட்பவர் சலித்து வேறுபுறம் திரும்பினும் அக்குறிப்பு அவனுக்குப் புலப்படுவதில்லை. பள்ளி மணி உரக்க ஒலித்தால் காதுகளைப் பொத்திக்கொள்வான். நான்காம் பாடவேளைக்கு உரிய ஆசிரியர் வாராது வேறொருவர் வந்தால் கலங்கிப்போவான். 'நல்ல வேலை செய்தாய்!' என்று ஒருவர் எள்ளலாகக் கூறினால், அதனைப் பாராட்டாகவே கொள்வான். சிறு குழந்தையாய் இருந்த காலந்தொட்டு, வீட்டிலும் வெளியிலும் அவன் இயல்பு இதுவே. அவனுக்கு அவையினிடத்து அச்சம் இல்லை. அவையின் சொல்லாக் குறிப்புகளை அறிவதே அரிதாகிறது. அவனிடம் உள்ளது ஆட்டிசம்.

பெயரும் வரலாறும்

ஆட்டிசம் என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் புளோய்லர் வேறொரு மனநோயை விளக்குங்கால் இச்சொல்லை ஆண்டார். 1925-இல் உருசிய மருத்துவர் குருன்யா சுகரேவா, தாம் கண்ட ஆறு சிறுவரின் இயல்புகளை எழுதினார். 1943-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த லியோ கானர், எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர் ஆகப் பதினொருவரைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மறு ஆண்டில் வியன்னா நகரில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இத்தகைய சிறுவரைப் பற்றி எழுதினார். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர். எனினும் ஆட்டிசம் என்னும் சொல்லே இன்று மக்கள் வழக்கில் நிலைத்துள்ளது.

ஆட்டிசம் தொற்றும் நோய் அன்று. அறிவுக் குறைவும் அன்று. அது பிறவியிலேயே அமையும் மூளை வளர்ச்சியின் வேறுபாடு. ஆட்டிசம் உடையோர் சிலர்க்கு அறிவு வளர்ச்சியிலும் இடர்ப்பாடு உண்டு. சிலர் உயர்ந்த கல்வி பெற்று விளங்குகின்றனர். சிலர் பேச்சே இன்றி வாழ்கின்றனர். வானவில்லின் நிறங்கள் ஒன்றினின்று ஒன்று மெல்ல வேறுபடுதல்போல, இவ்வியல்பும் ஒருவர்க்கொருவர் வேறுபடுதலின், 2013-ஆம் ஆண்டு முதல் மருத்துவ நூலார் இதனை நிறமாலை என்று குறித்துவருகின்றனர். 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவராய் இருந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

ஒரு காலத்தில் தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று மேனாட்டு அறிஞர் சிலர் பிழைபடக் கூறினர். பிள்ளையின் துன்பத்தோடு பழியையும் சுமந்த தாய்மார் அக்காலத்தே பலர். 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் உளவியலார் அக்கருத்தை மறுத்து நூல் எழுதினார். அவரும் ஆட்டிசம் உடைய ஒரு மகனின் தந்தையே. 1977-இல் இங்கிலாந்தில் 21 இணை இரட்டையரை ஆராய்ந்து, மரபுவழிக் காரணத்தின் வலிமையை வெளிப்படுத்தினர். தாயின்மீது சுமத்திய பழி ஆதாரமற்றது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது.

இனி, அச்சத்தை நோக்குவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது தோன்றுதற்குரிய நிலைக்களங்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என நான்கினைக் காட்டினார். புலியும் கள்வரும் உடலையும் பொருளையும் அழிப்பர். ஆதலின் அவர்க்கு அஞ்சுதல் எளிதில் விளங்கும். தலைவர்க்கு அஞ்சுதலோ, அவர் நம்மைப் பற்றி என்ன தீர்ப்புக் கூறுவரோ என்னும் அச்சமாகும். சமூக அச்சம் இவ்வகையைச் சார்ந்தது. இங்கே தலைவராய் அமர்ந்து தீர்ப்பளிப்போர் உடன் பயிலும் தோழரும், அண்டை அயலாருமே. இவ்வச்சம் பெரும்பாலும் எட்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையே தலைகாட்டுகிறது. மேடையேறுமுன் சிறிது நடுங்குதல் எவர்க்கும் இயல்பு. அந்நடுக்கம் பல திங்கள் நீடித்துக் கல்வியையும் நட்பையும் தடுக்குமாயின், அதனையே மருத்துவர் சமூக அச்சக் கோளாறு என்பர்.

அமெரிக்க உளமருத்துவக் கழகம் மனநலக் கோளாறுகளைத் தொகுத்து வெளியிடும் கையேட்டின் மூன்றாம் பதிப்பு 1980-இல் வந்தது. குழந்தைப்பருவ ஆட்டிசம் என்னும் பெயரும், சமூக அச்சம் என்னும் பெயரும் அப்பதிப்பிலேதான் தனித்தனித் தலைப்புகளாக முதன்முதல் இடம்பெற்றன. ஒரே நூலில் ஒரே ஆண்டில் புகுந்த இவ்விரு பெயர்களுக்கும் இடையே உள்ள உறவை அறிஞர் விரிவாக ஆராய்ந்தது அதன் பின்னரேயாகும்.

ஒன்றிலிருந்து மற்றொன்று

முன்னர்க் கூறிய இரண்டாம் மாணவனை மீண்டும் நினைவோம். அவனுக்கு அவையச்சம் இல்லை என்றோம். அந்நிலை அவனுக்கு என்றும் நிலைத்து நிற்குமா?

அவன் ஆர்வத்தோடு வண்டிகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். சூழ நின்றோர் சிரிக்கின்றனர். ஏன் சிரித்தனர் என்பது அவனுக்கு விளங்கவில்லை. மறுநாள் வேறொருவரிடம் பேசுகிறான், அவரும் விலகிப்போகிறார். காரணம் அப்பொழுதும் விளங்கவில்லை. பட்டப்பெயர் ஒன்று பிறக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, 'நான் வாய் திறந்தால் ஏதோ தீங்கு நேர்கிறது. அஃது எப்பொழுது நேரும் என்பதை நான் முன்னறிய இயலாது' என்னும் முடிவுக்கு அவன் வருகிறான். விதி தெரியாத விளையாட்டில் நாள்தோறும் தோற்பவனுக்கு ஆடுகளமே அச்சம் தருவது இயற்கையன்றோ? இவ்வாறு, அறிய இயலாமை அஞ்சுதலைப் பெற்றெடுக்கிறது.

இதற்குத் துணைசெய்யும் காரணங்கள் வேறும் உள. ஆட்டிசம் உடையோர் பலர்க்கு ஒலியும் ஒளியும் நெருக்கமும் மிகையாக உறைக்கும். அம்பத்தூர் நிலையத்தில் காலை நேரத்து நெரிசலும், வண்டியின் ஊதலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஒலிப்பான்களும் நமக்கு இரைச்சல். அவர்க்கோ அவை வலியாகவே அமைதல் கூடும். மக்கள் கூடும் இடந்தோறும் வலி உண்டாயின், நாளடைவில் மக்கட்கூட்டமே அச்சத்திற்கு உரியதாகிவிடும்.

இன்னொரு காரணம் தம் இயல்பை மறைத்தல். பிறர் சிரியாதிருக்க வேண்டி, அவர்கள் நகைக்குங்கால் தாமும் நகைத்து, கண்ணை நோக்க வலிந்து பழகி, கூறவேண்டிய சொற்களை முன்னரே மனப்பாடம் செய்துகொண்டு நாளைக் கழிப்போர் உளர். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உடைய 92 பெரியோர் இம்மறைத்தலைப் பற்றித் தம் அனுபவங்களைக் கூறினர். மறைத்தலால் சில வேளைகளில் நட்பும் வேலையும் கிடைத்தன. ஆயினும் சோர்வும், 'உண்மையான என்னை எவரும் அறியார்' என்னும் ஏக்கமும் மிகுந்தன என்பது அவர் உரைகளால் விளங்கியது. முகமூடி நழுவிவிடுமோ என்று அஞ்சி அஞ்சி வாழ்தலும் அவையச்சமேயாகும்.

ஆய்வுகளும் இவ்வுறவை உறுதிசெய்கின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, பொதுமக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் சமூக அச்சக் கோளாற்றுக்கு ஆளாகின்றனர். ஆட்டிசம் உடைய இளையோர் 2,121 பேரைப் பற்றிய 31 ஆய்வுகளை 2011-இல் ஒருங்கு தொகுத்து நோக்கியபொழுது, நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் ஏதேனும் ஒருவகை அச்சக் கோளாறு உடையர் எனவும், 17 பேர் சமூக அச்சம் உடையர் எனவும் தெரியவந்தது. பெரியோரைப் பற்றி 2019-இல் வெளிவந்த தொகுப்பாய்வில் சமூக அச்சம் உடையோர் நூற்றுக்கு 29 எனக் கண்டனர். இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஆட்டிசம் உடையோரிடத்து இவ்வச்சம் பிறரினும் மிகுதி என்பது ஒன்று. அவர் எல்லோரும் இவ்வச்சம் உடையர் அல்லர் என்பது மற்றொன்று. தனித்திருத்தலை உண்மையாகவே விரும்பி, அதில் அமைதி காண்போரும் அவருள் உளர். அவரை அஞ்சுவோர் என்று கருதுதல் பொருந்தாது.

வேறுபாடு அறிதலின் பயன்

'பெயர் எதுவாயின் என்ன? இருவரையும் ஊக்கினால் போதாதா?' என்று சிலர் வினவலாம். போதாது. மருத்துவம் செய்வோன் நோயையும் அதன் காரணத்தையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும் என வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்தினார். காரணம் வேறாயின், செய்யத்தக்கதும் வேறாகும்.

அவையச்சம் மட்டும் உடையவள், அஞ்சும் இடத்தை விட்டு விலக விலக, அச்சம் மேலும் வளரும். எனவே அவளுக்குப் படிப்படியான பயிற்சி வேண்டும். முதலில் ஒரு தோழியின்முன் படித்தல். பின்னர் நால்வர் முன் படித்தல். அதன்பின் வகுப்பின்முன் ஒரு பத்தி மட்டும் படித்தல். இவ்வாறு ஏறினால், தான் அஞ்சிய தீங்கு நேரவில்லை என்பதை அவள் உள்ளமே உணரும். எண்ணத்தையும் செயலையும் இவ்வாறு திருத்தும் உளவியற் சிகிச்சை நன்கு பயன்தருகிறது.

ஆட்டிசம் உடையவனை அதே முறையில் இரைச்சல் மிக்க கூட்டத்துள் தள்ளினால், இரைச்சல் தரும் வலி பழகிப்போகும் என்பது உறுதியன்று. அச்சம் இரட்டிக்கவும் கூடும். அவனுக்கு முதலில் வேண்டுவது சூழலின் திருத்தம். நாளை மாற்று ஆசிரியர் வருவார் என்பதை இன்றே கூறுதல், குறிப்பாக உணர்த்துவதை வெளிப்படையாகச் சொல்லுதல், அமைதியான ஓரிடம் அளித்தல் ஆகியவை அத்திருத்தங்கள். ஆட்டிசமும் அவையச்சமும் ஒருங்கே உடையோர்க்கு இரண்டும் வேண்டும்: சூழலையும் திருத்தி, அவரவர்க்கு விளங்கும் தெளிவான சொல்லாலும் படத்தாலும் பயிற்சியையும் அமைத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாறன்றி, 'ஆட்டிசம் உடையவன்; ஆதலால் விலகி நிற்கிறான்' என்று அமைந்துவிட்டால் அவன் அச்சம் எவர் கண்ணிலும் படாது. 'வெறும் கூச்சம்' என்று கூறிவிட்டால் அவன் ஆட்டிசம் எவர்க்கும் தெரியாது. பெண்பிள்ளைகளிடத்து இப்பின்னைய நிலை மிகுதியும் நேர்கிறது.

அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் அம்மையார் 1947-இல் பிறந்தவர், ஆட்டிசம் உடையவர், மூன்றரை வயதளவில்தான் பேசத் தொடங்கினார். அச்சமே தம் வாழ்வின் முதன்மை உணர்ச்சியாய் இருந்ததென அவர் எழுதியுள்ளார். கால்நடைகளை நடத்திச் செல்லும் பாதைகளை அமைப்பதில் அவர் பெரும்புகழ் பெற்றார். மாடுகள் நடவாது நின்றால், மேய்ப்போர் அவற்றை அடித்தனர். அம்மையாரோ அம்மாடுகள் நின்ற இடத்திலேயே தாமும் நின்று நோக்கினார். தொங்கும் சங்கிலியும், தரையில் விழுந்த நிழலுமே அவற்றை வெருட்டின என்று கண்டு, அவற்றை நீக்கினார். மாடுகள் தாமே நடந்தன. அஞ்சுவோரை அதட்டுவதினும், அஞ்சுதற்குரிய காரணத்தை நீக்குதலே அறிவுடைமை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அவையின் கடமை

இதுகாறும் பேசுவோரைப் பற்றியே கூறினோம். அவைக்குக் கடமை இல்லையா? 2012-இல் இங்கிலாந்து அறிஞர் டேமியன் மில்டன், தாமும் ஆட்டிசம் உடையவர், ஒரு கருத்தை வெளியிட்டார். ஆட்டிசம் உடையோர் பிறர் உள்ளத்தை அறியார் என்று உலகம் கூறுகிறது. பிறர் மட்டும் ஆட்டிசம் உடையோர் உள்ளத்தை அறிகின்றனரோ? அறியாமை இருபாலும் உள்ளது என்பதே அவர் கருத்து. 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதற்கு அரண் செய்கிறது. ஆட்டிசம் உடையோர் பேசுவதைச் சில நொடிகள் கண்டும் கேட்டும் இருந்தவர்கள், அவரோடு பழக விருப்பம் குறைந்தவராயினர். ஆனால் அவர் பேசிய சொற்களை மட்டும் எழுத்தில் படித்தவர்களிடம் அவ்விருப்பக் குறைவு தோன்றவில்லை. குறை அவர் கூறிய பொருளில் இல்லை. குரலையும் முகத்தையும் கண்டு நாம் விரைந்து அளித்த தீர்ப்பில் இருந்தது.

அவை அன்புடையதாயின் என்ன விளையும் என்பதற்கு டொனால்டு டிரிப்லெட் என்பாரின் வாழ்வு சான்றாகும். கானர் 1943-இல் எழுதிய கட்டுரையின் முதற் சிறுவர் அவரே. 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்த அவரை, இளமையில் ஒரு காப்பகத்தில் சேர்த்தனர். பின்னர்ப் பெற்றோரே மீட்டு வந்தனர். அவர் கல்லூரியில் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார்; தம் குடும்பத்தார் தொடர்புடைய வங்கியில் நெடுங்காலம் பணிபுரிந்தார்; கோல்ஃப் விளையாடினார்; தனியே பல நாடுகளுக்குச் சென்று வந்தார். ஊரார் அவருடைய வேறுபட்ட பழக்கங்களை இயல்பாக ஏற்றுக்கொண்டனர். 89 ஆண்டுகள் வாழ்ந்து 2023-இல் மறைந்தார். அவருக்குச் செல்வக் குடும்பம் துணைநின்றது உண்மையே. எனினும் ஊராரின் ஏற்பைச் செல்வம் மட்டும் வாங்கித் தந்திருக்க இயலாது.

நம் நாட்டிலும் இத்துறையில் பணிகள் நடைபெறுகின்றன. 1991-இல் தில்லியில் ஆட்டிசத்துக்கென ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்னும் அமைப்புத் தோன்றியது. 1999-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது. 2005-இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் நிறுவப்பட்டது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்படவில்லை. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, அவற்றுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது. பிறரோடு ஒரே வகுப்பில், வேண்டிய உதவிகளோடு கற்றல் அவர் உரிமை என்று அச்சட்டம் கூறுகிறது. அச்சத்தால் வருந்துவோர் எவராயினும், பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கூறுவதோடு, 2022-இல் தொடங்கப்பெற்ற அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனையும் பெறலாம்.

சட்டம் வகுப்பறையின் கதவைத் திறக்கும். உள்ளே இருக்கையளிக்க வேண்டுவோர் மாணவர்களே! நீங்கள் செய்யத்தக்கவை அரியன அல்ல. பேசத் தடுமாறுவோர்க்கு நேரம் கொடுங்கள்; அவர் சொல்லைப் பிடுங்கி நீங்கள் முடிக்காதீர்கள். முகத்தை நோக்குமாறு வற்புறுத்தாதீர்கள். நோக்காமலே செவிசாய்ப்போர் உண்டு. எள்ளலாகப் பேசியதை ஒருவர் உண்மையென்று கொண்டால், சிரியாமல் பொருளை விளக்குங்கள். விளையாட்டுக்கு அழையுங்கள், வரவில்லையென்றால் வருந்தாமல் நாளையும் அழையுங்கள். பட்டப்பெயர் இட்டு ஒருவர் நகைக்குங்கால், உடன் நகையாதிருங்கள். ஒருவர் நகையாதிருந்தாலும் அந்நகை வலிமை இழக்கும்.

உங்கள் எவருக்கேனும் இவ்வச்சமோ, இவ்வியல்போ இருக்குமாயின், அது குற்றம் அன்று, நாணத்தக்கதும் அன்று. உங்களை அறிந்த ஒருவரிடம் அதனைச் சொல்லுங்கள். வாயால் சொல்ல இயலாதாயின் எழுதிக் கொடுங்கள்.

அவையறிதல் பேசுவோர்க்கு உரிய கல்வி என்றே இதுவரை கருதிவந்தோம். பேசுவோரை அறிதல் அவைக்கு உரிய கல்வி. அதனை அவை கற்குமாயின், அவையஞ்சாமை பலர்க்கு எளிதாகும்.